சபையில் மூண்ட சினம்: ஒரு வரலாற்றுப் படிப்பினை



ஓசூர் சிப்காட் ஆலையில் மேலதிகாரியிடம் அடக்கிய சினத்தை வீட்டாரிடமோ பொதுக்குழுவிலோ கொட்டிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அடக்கிய சினமும் கொட்டிய சினமும் இதயத்தை என்ன செய்கின்றன என்பதற்கு வரலாறு சான்று பகர்கின்றது.

சினத்தின்போது நாடி பெரிதாகவும் விரைவாகவும் துடிக்கும் என்று இப்னு சீனா (980-1037) தமது 'அல்கானூன்' நூலில் எழுதினார். கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி அறிமுகம் செய்தது 1896-இல்தான்.

லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் இருபது ஆண்டுகள் நெஞ்சுவலியுடன் வாழ்ந்தவர். சினம் மூண்டால் வலி வரும் என்பதையும் அறிந்திருந்தார். 1793 அக்டோபர் 16 அன்று புனித ஜார்ஜ் மருத்துவமனையின் நிர்வாகக் கூட்டத்தில் மாணவர் சேர்க்கை குறித்து வாக்குவாதம் எழுந்தது. அவர் மறுமொழி கூறாமல் சினத்தை விழுங்கியவாறே அடுத்த அறைக்குச் சென்றார். அங்கேயே சரிந்து இறந்தார். அவருடைய இதய இரத்தக் குழாய்கள் கல்போல் இறுகியிருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது.

அடக்கிய பகையுணர்ச்சியே இரத்தக் கொதிப்பை வளர்க்கக்கூடும் என்று 1939-இல் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் எழுதினார். அதற்காகச் சினத்தைக் கொட்டிவிடலாமா? நம் எல்லைக்கு அப்பால், பெங்களூர் புனித ஜான் மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் ஆய்வு நடந்தது. முதன்முறை மாரடைப்புக்கு உள்ளான 12,461 பேரை ஆராய்ந்து 2016-இல் முடிவு வெளியாயிற்று. சினமோ மனக்கொந்தளிப்போ மூண்ட ஒரு மணி நேரத்திற்குள் மாரடைப்பு அபாயம் இரு மடங்குக்கு மேல் உயர்கின்றது. அந்நிலையில் கடும் உடலுழைப்பும் சேர்ந்தால் மும்மடங்காகின்றது. சினத்தை நினைவுகூர்ந்தாலே இரத்தக் குழாய்கள் விரியும் திறன் 40 நிமிடங்கள் வரை குன்றுவதாக 2024-இல் வெளியான அமெரிக்க ஆய்வு தெரிவித்தது.

ஆகவே வெடிப்பதும் வழியன்று. உள்ளே புழுங்குவதும் வழியன்று. நின்றிருப்பவர் அமருமாறும், அப்போதும் தணியாவிடில் படுத்துக்கொள்ளுமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். சினம் தணிந்தபின் சொல்ல வேண்டியதை முறையாகச் சொல்வதே நீதி. மிம்பரில் குரலை உயர்த்திவிட்டுப் பின்னர் வருந்திய நாமும் இதில் விலக்கல்ல.

இரத்தக் கொதிப்புள்ளவர்கள் மாத்திரையை நிறுத்தலாகாது. பொறுமை மருந்துக்குத் துணையே, மாற்றன்று. வரும் பொதுக்குழுவில் கணக்கைக் கேட்போம், குறையைச் சொல்வோம். அமர்ந்தவாறே சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.