இரட்டைக் கார்புரேட்டர் சீரமைப்பு

ஒரே எஞ்சினில் பொருத்திய இரண்டு கார்புரேட்டர்களும் சம அளவு காற்றை இழுத்து, ஒரே விகிதத்தில் பெட்ரோலைக் கலந்து தரும்படி திருத்தி வைக்கும் வேலை இரட்டைக் கார்புரேட்டர் சீரமைப்பு. பட்டறையில் டியூனிங் என்றே சொல்வார்கள். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றுக்கு இது வழக்கமான பராமரிப்பு. வண்டி இழுக்கவில்லை, ஐட்லிங்கில் நிற்கவில்லை, சைலன்சரில் வெடிக்கிறது என்றால் பழி முதலில் கார்புரேட்டர்மேல்தான் விழும். பாதி நேரம் அது வீண்பழி.

நான்கு சிலிண்டருக்கும் நடுவில் ஒரே கார்புரேட்டர் இருந்தால் ஓரத்துச் சிலிண்டர்களுக்குக் கலவை போகும் வழி நீளம். இரண்டு வைத்தால் வழி சுருங்கும். அதிவேகத்தில் எஞ்சினுக்கு மூச்சு முட்டாது. 1953இல் வந்த டிரையம்ப் டிஆர்2, 1962இல் வந்த 1,798 சிசி எம்ஜிபி ஆகியவை இவ்வகை. ஜாகுவார் எக்ஸ்கே120இன் ஆறு சிலிண்டர், 3,442 சிசி எஞ்சினுக்கும் இரண்டு எஸ்யு கார்புரேட்டர்கள்தான். சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு ஒன்றே ஒன்று. அதே ஹெரால்டின் கூபே வடிவத்துக்கு இங்கிலாந்தில் இரண்டு எஸ்யு கொடுத்தார்கள். எனவே தமிழ்நாட்டில் இரட்டைக் கார்புரேட்டர் கார் என்றால் அநேகமாக இறக்குமதி வண்டி.

எஸ்யு கார்புரேட்டர்

எஸ்யு கார்புரேட்டருக்கு 1905இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தவர் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர். அவருடைய குடும்பத் தொழில் காலணி வணிகம். அதனாலோ என்னவோ, தொடக்ககால எஸ்யுக்களில் தோல் துருத்தி இருந்தது. எஸ்யு நிறுவனம் 1926இல் கார் தயாரிப்பாளர் டபிள்யூ. ஆர். மாரிஸ் கைக்குப் போனது.

மேலேயுள்ள டோமுக்குள் ஒரு பிஸ்டன் ஏறி இறங்கும். எஞ்சின் இழுக்க இழுக்கப் பிஸ்டன் உயரும். அதன் அடியில் தொங்கும் கூம்பு நீடில் ஜெட்டிலிருந்து மேலேறிப் பெட்ரோலுக்கு வழிவிடும். காற்று எவ்வளவோ அதற்குத் தக்க பெட்ரோல் என்பதை இந்த ஒரே அசைவு பார்த்துக்கொள்கிறது. ஆக்சிலேட்டரைச் சட்டென மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளாமல் பிடித்துவைப்பது டோமில் ஊற்றும் எஸ்ஏஇ 20 ஆயில். டோமும் பிஸ்டனும் ஜோடியாகவே பொருத்தி வந்தவை. கழுவும்போது முன்னுள்ளதையும் பின்னுள்ளதையும் மாற்றிப் போட்டுவிட்டால் பிறகு எந்த டியூனிங்கும் நிற்காது.

செய்முறை

டேப்பெட் இடைவெளி, பிளக், பாயிண்ட், இக்னிஷன் டைமிங் நான்கும் சரியான பிறகே ஸ்க்ரூடிரைவர் கார்புரேட்டர் பக்கம் போக வேண்டும். மேனிஃபோல்டு பேக்கிங்கில் காற்று கசிகிறதா, த்ராட்டில் ஸ்பிண்டில் ஆடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தேய்ந்த ஸ்பிண்டில் வழியே நுழையும் திருட்டுக் காற்றை எந்த ஸ்க்ரூவாலும் கணக்கில் கொண்டுவர முடியாது. ஓசூரில் என்றால் சிப்காட் தொழிற்பேட்டையையும் ஜூஜுவாடி எல்லையையும் சுற்றி லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. தேய்ந்த ஸ்பிண்டிலுக்கு வெண்கல புஷ் கடைந்து போட்டுக்கொள்ளலாம்.

எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஏர் கிளீனர்களைக் கழற்றி, இரண்டு ஸ்பிண்டில்களையும் இணைக்கும் கிளாம்பைத் தளர்த்த வேண்டும். இப்போது ஒவ்வொரு கார்புரேட்டரும் தனித்தனி. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டர் வாயருகே பிடித்தால் சீறும் ஓசை கேட்கும். இரண்டிலும் அந்தச் சீறல் ஒரே தொனியில் வரும்வரை ஐட்லிங் ஸ்க்ரூக்களை மாறி மாறித் திருப்ப வேண்டும். காற்றளவு காட்டும் மீட்டர்கள் கடையில் கிடைக்கின்றன. பழகிய காதுக்கு அவை தேவைப்படுவதில்லை.

காற்று சமமான பிறகுதான் பெட்ரோல். இந்த வரிசையை மாற்றுவதே பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம். பரவலாகப் புழங்கும் எச்எஸ் வகையில் ஜெட்டின் அடியிலுள்ள ஆறுமுக நட்டை இறக்கினால் கலவையில் பெட்ரோல் கூடி ரிச் ஆகும், ஏற்றினால் குறைந்து லீன். ஜெட்டை மேல்விளிம்போடு சமமாக நிறுத்தி, அங்கிருந்து 12 முகம், அதாவது இரண்டு சுற்று இறக்கித் தொடங்குவது வழக்கம். பிறகு ஒரு முகம் ஒரு முகமாகத்தான் நகர வேண்டும். சரிபார்க்க, கார்புரேட்டரின் அடியிலுள்ள பின்னைக் கொண்டு பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குவார்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச். தடுமாறி அணையப் பார்த்தால் லீன். லேசாகக் கூடிப் பழைய நிலைக்கே திரும்பினால் சரி. ஒன்றைத் தொட்டால் மற்றதும் கொஞ்சம் மாறும் என்பதால் இரண்டையும் மறுபடி பார்க்க வேண்டும். கடைசியில் இரண்டு த்ராட்டில் பட்டர்ஃபிளையும் ஒரே நொடியில் திறக்கும்படி கிளாம்பை முடுக்கி, 1,500 ஆர்பிஎம் அளவில் இன்னொரு முறை குழாயை வைத்துக் கேட்க வேண்டும்.

ஓசூர் நிலைமை

புத்தக அளவு ஓசூரில் அப்படியே செல்லாது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி சென்னையைவிடச் சுமார் எட்டு, ஒன்பது சதவீதம் குறைவு. சென்னையில் டியூன் செய்த கார் கிருஷ்ணகிரி தாண்டி, சூளகிரி வழியாக மேலேறும்போது கலவை அடர்த்திக் குறைவில் ஏறத்தாழ பாதியளவுக்கு ரிச்சாகும். ஆனால் இன்றைய பெட்ரோல் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த எரிபொருளுக்கு ஒரு பங்குக்கு 13.5 பங்கு காற்று போதும்; கலப்பில்லாத பெட்ரோலுக்கு 14.7. பழைய நீடிலோடு ஓட்டினால் எட்டு சதவீதம்வரை லீன். உயரம் தரும் ரிச் இதில் பாதியைத்தான் ஈடுகட்டும். அதனால் ஓசூரில் ஓடும் காருக்கு நட்டை ஓரிரு முகம் கூடுதலாக இறக்க வேண்டிவரும். அதுவும் போதாவிட்டால் நீடிலையே ரிச்சான எண்ணுக்கு மாற்ற வேண்டும். பிளக் முனை வெளிர்பழுப்பாக இருக்கிறதா என்பதே கடைசிச் சான்று. எத்தனால் பழைய ரப்பர் ட்யூப்களையும், பழைய எச் வகை எஸ்யுக்களின் கார்க் சீல்களையும் கெடுக்கும். அவற்றை முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது.

இருசக்கர வண்டிகள்

இந்த வேலையை இந்திய மெக்கானிக்குகளில் பலர் கற்றது காரில் அல்ல, 1983இல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த ராஜ்தூத் 350இல். யமஹா ஆர்டி350இன் இந்திய வடிவமான அதன் 347 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு மிக்குனி கார்புரேட்டர்கள் உண்டு. ஆக்சிலேட்டரைத் திருகும்போது இரண்டு ஸ்லைடுகளும் ஒருசேர எழுகின்றனவா என்று விரல் வைத்துப் பார்ப்பார்கள். பிந்துவதைக் கேபிள் அட்ஜஸ்டரில் சரிசெய்வார்கள். பிரிட்டனின் நார்ட்டன் கமாண்டோவில் இதே இடத்தில் இரண்டு அமல் கார்புரேட்டர்கள். அந்த நார்ட்டன் நிறுவனத்தை ஓசூரில் ஆலை நடத்தும் டிவிஎஸ் மோட்டார் 2020 ஏப்ரலில் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. பிஎஸ்-6 புகை விதி நடைமுறைக்கு வந்து, இந்தியாவின் பெரும்பாலான புதிய இருசக்கர வண்டிகளிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றதும் அதே மாதம்தான்.