கரவனெல்லைச் சூழலிற் போரின் சுவடுகள்

கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய ஊடாக இறங்கி வரும் பாதை, அவிசாவளை – எட்டியாந்தோட்டைப் பெருந்தெருவுடன் வந்து சேருமிடம் கரவனெல்ல. களனி கங்கையின் மேற்பள்ளத்தாக்கிலுள்ள இச்சந்தியைச் சூழ இன்று கண்ணுக்குப் புலப்படுவன இறப்பர் மரங்களே. ஆயினும் கொழும்பை ஆண்டோர் கண்டியை நோக்கிப் படை நடத்திய வழிகளுள் ஒன்று இப்பள்ளத்தாக்கு ஊடாகவே சென்றது.

பழைய போர்களின் சுவடுகளைத் தேடுவோர் முதலிற் செல்வது அவிசாவளைக்கு அருகிலுள்ள பெரெந்தி கோவிலுக்கே. கோட்டை இராச்சியம் 1521இல் மூன்றாகப் பிளவுண்டபோது மாயாதுன்னை சீதாவாக்கையைத் தலைநகராகக் கொண்டான். அவன் மகன் முதலாம் இராஜசிங்கன் சைவத்தைத் தழுவியவன். போர்த்துக்கேயரைக் கொழும்பிலே முற்றுகையிட்டவன். அவன் எழுப்பியதாகக் கருதப்படும் இக்கோவிலின் செதுக்கு வேலைப்பாடமைந்த கல் அடித்தளமே இன்று எஞ்சியுள்ளது. 1593இல் அவன் இறந்தபின் அவனது இராச்சியமும் நெடுநாள் நிலைக்கவில்லை.

ருவன்வெல்லையில் நிற்கும் கோட்டை வாயில் பிற்பட்டது, ஆங்கிலேயருக்குரியது. 1815 ஜனவரியில் ஆளுநர் பிரவுண்றிக் கண்டிமீது பல முனைகளிலும் படைகளை ஏவியபோது, கொழும்பிலிருந்து புறப்பட்ட பிரிவு இவ்வழியே சென்றது. மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. எல்லைக் காவலுக்கு அதன்பின் தேவை இருக்கவில்லை. பெருந்தோட்டங்களுக்கு வழி திறந்தது.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இவ்விடத்திலேயே போரை முடித்துவிடுகின்றன. கல்லிற் பொறிக்கப்படாத போரை நாம் போராக எண்ணுவதில்லை போலும். ஆனால் இப்பள்ளத்தாக்கை மிக ஆழமாகத் தீண்டிய போர், இங்கு ஒரு வெடியேனும் வெடிக்காத இரண்டாம் உலகப் போராகும்.

அதன் சுவடு அவிசாவளைப் புகையிரத நிலையத்திலே தொடங்குகின்றது. களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய பாதை, இரண்டரை அடி அகலமுடையது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்டியாந்தோட்டை வரை நீண்டது. தோட்டப் பொருள்களைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதே அதன் முதன்மையான நோக்கம். போர்க்காலத்தில், 1942இல், எட்டியாந்தோட்டைக் கிளை கைவிடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அவை மீண்டும் இடப்படவில்லை. இன்று அகலப்பாதையாக மாற்றப்பட்டுள்ள அப்பாதை அவிசாவளையோடு நின்றுவிடுகின்றது.

அதே 1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் யாவாவும் யப்பானியர் வசமாயின. நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் பெரும்பகுதி இலங்கையிலிருந்தே கிடைக்கவேண்டியதாயிற்று. விமானச் சக்கரமும் படைவண்டிச் சக்கரமும் அதனை வேண்டி நின்றன. எனவே மரத்தின் ஆயுளைப் பாராது பால் வெட்டுமாறு தூண்டப்பட்டது. வழமையாக ஒரு மரத்துப் பட்டை மெலிதாகச் சீவப்பட்டு, மீண்டும் வளர்வதற்கு ஆண்டுகள் விடப்படும். போர்க்கால வெட்டிலோ பட்டை இளைப்பாற இடமிருக்கவில்லை. ஒரே மரத்திற் பல வெட்டுகள் விழுந்தன. காயமுற்ற பட்டை முண்டுமுண்டாகத் திரண்டது. பால் வற்றிய மரங்களை என்ன செய்வதென்பது போருக்குப் பிந்திய பெரும் வினாவாயிற்று. 1953இல் மீள்நடுகைக்கு உதவிப்பணம் வழங்கும் சட்டம் இயற்றப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே இன்று சாய்வுகளில் வரிசையாக நிற்கும் மரங்கள் அக்காலத்து மரங்களல்ல. அவற்றுக்குப் பின் வந்தவை.

விடியுமுன் கத்தியும் வாளியுமாக மலையேறிச் சிரட்டைகளில் வடிந்த பாலைச் சேர்த்தோருட் பெருந்தொகையினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும் ஆவர். அப்போரை எதிர்த்தோரும் இப்பகுதியிலிருந்தே எழுந்தமை குறிப்பிடத்தக்கது. 1936இல் ருவன்வெல்லத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான சமசமாஜத் தலைவர் என். எம். பெரேரா, ஏகாதிபத்தியப் போரை எதிர்த்தமைக்காக 1940இற் சிறையிடப்பட்டார். யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய 1942 ஏப்பிரலிலே அவர் போகம்பறைச் சிறையினின்றும் தப்பினார். அவருக்கு இவ்வட்டாரத்தில் இன்றும் பெயருண்டு. பால் வெட்டியோருக்கு அதுவுமில்லை.

போர் 1945இல் முடிந்தது. 1948இல் இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம், தந்தையின் பிறப்பிடத்துக்குச் சான்று கேட்டது. தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலாரிடம் அத்தகைய சான்று இருக்கவில்லை. போருக்காக வெட்டிய பாலின் நிறை தோட்டக் கணக்கேடுகளில் நாள்தோறும் பதியப்பட்டிருந்தது.