க்ரூயாவில் ஒளிந்திருந்த குடும்பம்: நம் பிள்ளைகளுக்கு ஏன் சொல்கிறோம்?



இரண்டாம் உலகப் போர் பாடத்தில், ஹிட்லரின் நாசி ஆட்சி சுமார் 60 இலட்சம் யூதர்களைக் கொன்றது என்று படிப்பிக்கிறோம். அவர்களில் சுமார் 15 இலட்சம் பேர் சிறுவர்கள். பிள்ளைகள் இலக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். அது மனதில் நிற்பதில்லை. ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னால் நிற்கும். அதனால் நாங்கள் மண்டில் குடும்பத்தின் கதையைச் சொல்கிறோம்.

யூகோஸ்லாவியாவின் நோவி சாத் நகரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் மோஷே மண்டில். மனைவி கப்ரியேலா, பிள்ளைகள் கவ்ரா, இரேனா. 1941இல் நாடு ஆக்கிரமிக்கப்பட்டதும் தெற்கே தப்பி ஓடினார்கள். வழியில் சந்தேகப்பட்ட ஜேர்மன் அதிகாரியிடம், தம் பிள்ளைகள் கிறிஸ்மஸ் மரத்தருகே நிற்கும் படமொன்றைக் காட்டித்தான் தப்பினார்கள். பிறகு கொசோவோவில் இத்தாலியரிடம் கைதியாகி, 1942இல் அல்பேனியாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

தலைநகர் திரானாவில் மோஷேக்கு ஒரு ஸ்டூடியோவில் வேலை கிடைத்தது. அங்கே தொழில் பழகிக்கொண்டிருந்தவர் ரெஃபிக் வெசெலி, 17 வயது முஸ்லிம் இளைஞர். 1943 செப்டெம்பரில் ஜேர்மன் படை அல்பேனியாவுக்குள் வந்தது. ரெஃபிக் அந்தக் குடும்பத்தை க்ரூயா என்ற மலையூரில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். இரவில் கோவேறு கழுதைகளில் பயணம், பகலில் குகைகளில் மறைவு.

ரெஃபிக்கின் வாப்பா வெசெலும் உம்மா ஃபாத்திமாவும் அவர்களை ஏற்றுக்கொண்டார்கள். மோஷேயும் மனைவியும் தொழுவத்துக்கு மேலே ஒரு சிறிய அறையில் ஒளிந்திருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு வெளியே விளையாடினார்கள். சில நாட்களில் ரெஃபிக்கின் சகோதரர் இன்னொரு யூதக் குடும்பத்தையும் கூட்டிவந்தார். 1944 நவம்பர் வரை, ஒரு வருடத்துக்கு மேல், யாரும் காட்டிக்கொடுக்கப்படவில்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி வகுப்பில் ஒன்று கேட்போம்: "உம்மாவும் வாப்பாவும் மேலே ஒளிந்திருக்க, நீங்கள் கீழே ஒன்றும் தெரியாதவர் போல விளையாட வேண்டும். முடியுமா?" வகுப்பு அமைதியாகிவிடும்.

அல்பேனியர்கள் இதை 'பெசா' என்பார்கள்: கொடுத்த வாக்கை உயிர் போனாலும் காப்பது. போருக்கு முன் அங்கே சுமார் 200 யூதர்களே இருந்தார்கள். அடைக்கலம் தேடி வந்தவர்களால், போர் முடிந்தபோது அந்தத் தொகை பல மடங்காகியிருந்தது.

இதைச் சொல்லி நாம் பெருமையடித்துக்கொள்ளவும் கூடாது. அதே 1943இல் பொஸ்னிய முஸ்லிம்களைச் சேர்த்து எஸ்.எஸ். படைப்பிரிவு ஒன்றும் அமைக்கப்பட்டது. இரண்டையும் சொன்னால்தான் அது வரலாறு. கதவைத் திறந்தது வெசெலி குடும்பம்; அந்த நன்மை அவர்களுடையது.

"காஸாவில் இவ்வளவு நடக்கும்போது இதை ஏன் படிப்பிக்கிறீர்கள்?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. காஸாவின் பிள்ளைகளுக்காக நாமும் அழுகிறோம். ஆனால் கவ்ராவும் இரேனாவும் அனுபவித்த பயம் எந்த அரசாங்கத்துக்கும் சொந்தமானதல்ல. ஓர் இனத்தின் பிள்ளைகள் கொல்லப்பட்டதைப் பொய் என்று சிரிக்கப் பழகிய பிள்ளை, அடுத்த இனத்தின் மையித்தைப் பார்த்தும் சிரிக்கும். ஓர் உயிரைக் காப்பதைப் பற்றிய ஸூரா அல்-மாஇதாவின் 32ஆம் வசனத்தை நாம் அடிக்கடி சொல்கிறோம். அது பனூ இஸ்ராஈல்களுக்கு விதிக்கப்பட்டதாகவே அங்கே வருகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

போருக்குப் பின் ரெஃபிக் நோவி சாத் போய், மண்டில் வீட்டிலேயே தங்கிப் புகைப்படக் கலையைப் படித்தார். 1948இல் அந்தக் குடும்பம் இஸ்ரேலுக்குப் போனது. அல்பேனியாவின் கம்யூனிச ஆட்சி நாட்டை மூடிவைத்தது. 1967இல் மார்க்கத்தையே தடை செய்தது. ஆனாலும் கவ்ரா மறக்கவில்லை. யூதப் படுகொலையின் நினைவகமான யாத் வஷேமுக்கு அவரே எழுதினார். 1987இல் ரெஃபிக்கும் பெற்றோரும் கௌரவிக்கப்பட்டார்கள். காப்பாற்றப்பட்ட பிள்ளை வளர்ந்து வாய் திறந்ததால்தான் இன்று நமக்கு இந்தக் கதை தெரியும். இப்போது பெர்லின் நகரில் ஒரு பாடசாலைக்கு ரெஃபிக் வெசெலியின் பெயர். அங்கே படிப்பவர்களில் பலர் குடியேறிய முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள்.

நம் ஊர்களிலும் கலவர நாட்களில் ஓடி ஒளிந்தவர்களும் கதவு திறந்தவர்களும் இருக்கிறார்கள். இந்த விடுமுறையில் பிள்ளைகளை மூத்தவர்களிடம் அனுப்புங்கள். கேட்டு, பெயரோடும் திகதியோடும் எழுதட்டும்.