மிடற்றிசையின் முதற்பாடம்

சிலப்பதிகாரத்து மாதவி ஐந்தாம் அகவையில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள் என்பது தமிழன்பர் அனைவரும் அறிந்த செய்தி. அவளை உருவாக்கிய ஆடலாசான், இசையாசான், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் ஆகியோரின் தகுதிகளை அரங்கேற்று காதை விரிவாகப் பேசுகிறது. யாழையும் குழலையும் சொல்லுமிடத்து மிடற்றையும் உடன் வைத்தே எண்ணுகிறது. ஆயின் அவ்வேழாண்டின் முதல் நாளில் அச்சிறுமியை எவ்வாறு அமரச் செய்தார்கள், எந்த ஒலியை முதலில் எழுப்பச் சொன்னார்கள், தொண்டை கட்டிய நாளில் என்ன செய்தார்கள் என்பவற்றை இளங்கோவடிகள் சொல்லவில்லை. காவியத்தில் அதனை எதிர்பார்ப்பதும் முறையன்று. எனினும் பாட்டின் தொடக்கப் பாடம் வளர்ந்த வரலாற்றைத் தேடும் நமக்கு அவ்விடம் வெற்றிடமாகத் தென்படுகிறது. அவ்வெற்றிடம் பின்வந்த பாடநூல்களிலும் நீடித்தது என்பதே ஈண்டு நாம் காட்ட விழைவது.

குரலைப் பற்றிய சிந்தனை நம்மிடம் இல்லாமற் போகவில்லை. உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தொலியாகிறது என்று தொல்காப்பியப் பிறப்பியல் கூறுகிறது. ஏழிசையுள் முதலாவதற்கே 'குரல்' என்று பெயரிட்டது தமிழ். குரல் மிடற்றிலும், துத்தம் நாவிலும், கைக்கிளை அண்ணத்திலும், உழை தலையிலும், இளி நெற்றியிலும், விளரி நெஞ்சிலும், தாரம் மூக்கிலும் பிறப்பன என்பது பழைய மரபு. இதனை உடற்கூற்றியலாகக் கொண்டால் ஒவ்வாது. எல்லாச் சுரமும் பிறப்பது மிடற்றில்தான். பாடுவோன் தன் உடலில் உணரும் அதிர்வின் குறிப்பாகக் கொண்டால், நம் முன்னோர் செவியோடு உடலையும் கவனித்தனர் என்பது விளங்கும். ஏழிசைக்கும் ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ என்னும் நெடில்களையே எழுத்தாகக் கொண்டதும் கருதத்தக்கது. வாய்வழி தடையின்றி ஒலிக்கும் உயிரெழுத்தில் குரலை நிறுத்திப் பழகுவதே இன்றளவும் அகார சாதகம் எனப்படுகிறது.

13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அவையில் விளங்கிய சார்ங்கதேவர், சங்கீத ரத்நாகரத்தில் பாடகனுக்கு ஆகாத குற்றங்கள் 25 எனத் தொகுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பாடுதல், அஞ்சிப் பாடுதல், குரல் நடுங்கப் பாடுதல், காண்போர் மருளும்படி வாயை அகட்டுதல், கன்னங்களைச் சுரைக்காய்போல் உப்புதல், மூக்கால் பாடுதல் முதலியன அப்பட்டியலில் உள. ஏழு நூற்றாண்டுகள் கழிந்தும் இவற்றுள் ஒன்றேனும் வழக்கொழிந்ததாகத் தெரியவில்லை! ஆனால் இது குற்றப் பட்டியலே. குற்றம் நேராமல் பழக்குவது எப்படி என்பது ஆசிரியரின் வாய்மொழிக்கே விடப்பட்டது.

இன்று நாம் கைக்கொள்ளும் பாடவரிசையைப் புரந்தரதாசர் வகுத்தார் என்பது வழிவழி வரும் நம்பிக்கை. 16ஆம் நூற்றாண்டினரான அப்பெரியார் மாயாமாளவகௌளையைத் தொடக்க இராகமாகத் தேர்ந்தார் என்பர். அவ்விராகத்தின் முற்பாதியும் பிற்பாதியும் ஒரே இடைவெளி அமைப்புடையன. ஆதலால் ச முதல் ம வரை செவியில் படிந்தது ப முதல் மேல் ச வரை மீண்டும் கைகொடுக்கிறது. சரளி வரிசை பெரும்பாலும் அடுத்தடுத்த சுரங்களில் படிப்படியாக ஏறி இறங்குகிறது. மத்திய ஸ்தாயியைக் கடப்பதில்லை. மேல் ஸ்தாயி வரிசையும் கீழ் ஸ்தாயி வரிசையும் அதன் பின்னரே வருகின்றன. முதற்காலம் நிலைத்த பிறகே இரண்டாம் காலம். இவ்வரிசையில் குரற்பாதுகாப்பு என்ற சொல் எங்கும் இல்லை; ஆயினும் இளங்குரலுக்கு இதனினும் நல்ல காவல் அமைவது அரிது என்பது நம் துணிபு. முதல் மாதத்திலேயே கீர்த்தனை கேட்கும் பெற்றோர் இதனைச் சற்றே எண்ணிப்பார்க்க வேண்டும்.

குருகுலத்தில் மாணவன் ஆசிரியரின் வீட்டிலேயே வாழ்ந்தான். அவனுக்குச் சளி பிடித்ததும், கத்தி விளையாடியதும் ஆசிரியருக்குத் தெரிந்தன; 'இன்று பாடாதே' என்று சொல்ல ஆளிருந்தது. பின்னர் அச்சு வந்தது. எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904இல் வெளியாயிற்று. தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917இல் வந்தது. பண்டிதர் புகழ்பெற்ற சித்த மருத்துவருமாவார். எனினும் அவருடைய பெருநூலின் தலையாய ஆராய்ச்சி சுருதிகளைப் பற்றியதேயன்றி மிடற்றைப் பற்றியதன்று. 1929இல் சிதம்பரத்தில் இசைக்கல்லூரி தோன்றியது. சுரக்குறிப்பு எழுத்தில் நின்றது. வகுப்பும் தேர்வும் பெருகின. 'இன்று பாடாதே' என்ற சொல் மட்டும் ஏட்டில் ஏறவில்லை.

அதன் விலையை மிகுதியும் கொடுத்தவர்கள் நாடகமேடைச் சிறுவர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர் நாடகக் குழுவொன்றை அமைத்தார். அத்தகைய குழுக்களில் பாட்டே உயிர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமாயின் உச்சக் கட்டையில் பாடியாக வேண்டும். 1933இல் இளவயதில் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் எட்டாத உயரக் குரலே அக்காலத்தின் அளவுகோல். பருவமெய்தும் சிறுவனின் குரல் உடைவதை நாடக உலகினர் 'மகரக்கட்டு' என்றனர். குரல்நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கும் இயற்கை மாற்றம் அது. பெண்குரலும் மாறும், ஆனால் சிறிதளவே. அம்மாற்றத்தின்போது பழைய கட்டையிலேயே முக்கிப் பாடினால் குரல் கரகரத்துப் போகும். ஒலிபெருக்கி பரவியபின் உரக்கப் பாட வேண்டிய தேவை குறைந்தது. ஆயினும் உரக்கப் பாடுவதே நல்ல சாரீரம் என்னும் எண்ணம் எளிதில் குறையவில்லை.

மிடற்றின் உள்ளே நடப்பதைத் தன் கண்ணால் முதலில் கண்டவர்களுள் ஒருவர் மருத்துவரல்லர், பாட்டாசிரியர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. மனுவேல் கார்சியா என்னும் ஸ்பானியர், 1854இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியையும் கதிரொளியையும் கொண்டு, பாடும்போது தம் குரல்நாண்கள் அசைவதைப் பார்த்தார். அவை ஒன்றையொன்று தொட்டு விலகுவதால் ஒலி பிறக்கிறது. ஆண்கள் பொதுவாகப் பாடும் ஒரு கட்டையில் ஆதார சட்ஜத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 130 முறை. பெண்களின் ஐந்து கட்டையில் 196 முறை. ஆகவே ஐந்து கட்டையில் ஒரு மணி நேரம் சட்ஜத்திலேயே நின்றாலும் ஏழு இலட்சம் முறை அவை மோதுகின்றன. களைப்பதில் வியப்பென்ன?

பனங்கற்கண்டும் மிளகும் அதிமதுரமும் நம் வீடுகளில் நெடுங்காலமாக உள்ளவை. அவை தொண்டைக்கு இதமளிப்பதை மறுக்கோம். ஆயினும் விழுங்குவது உணவுக்குழாயில் செல்கிறது. குரல்நாண்கள் இருப்பதோ மூச்சுக்குழாயின் வாயிலில். மருந்து நேரே அவற்றைத் தீண்டுவதில்லை. நாள் முழுதும் போதிய தண்ணீர் பருகி உடலை ஈரமாக வைத்திருப்பதும், வெந்நீராவி பிடிப்பதும், அடிக்கடி செருமாதிருப்பதும் பயன் தருவன. தொண்டை கட்டியபோது கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு என்று பலர் எண்ணுகின்றனர். வாய்மூடி இருப்பதே ஓய்வு. சில வாரங்கள் கடந்தும் கரகரப்பு நீங்காவிடில் மருத்துவரிடம் காட்டுவதே முறை. வடநாட்டுக் குளிர்காலத்தின் வறண்ட காற்றில் பாடுவோர்க்கு இவை இன்னும் இன்றியமையாதவை.

இவை அனைத்தினும் நம்மை உறுத்துவது சுருதியே. தமிழகத்துக்கு வெளியே நாம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் எட்டு வயதுச் சிறுமியும் பதினான்கு வயதுச் சிறுவனும் ஒரே பாயில் அமர்ந்து ஒரே கட்டையில் பாடுகின்றனர். அச்சிறுவனுக்கு ஐந்து கட்டை பொருந்தாது. அவனோ தனக்குப் பாட்டு வராது என்று முடிவுகட்டி, அடுத்த ஆண்டு வருவதில்லை. ஆறு மாதம் அவனைத் தாழ்ந்த சுருதியில், மெல்லிய குரலில், அரைமணிக்கு மிகாமல் அகாரம் பாடச் செய்தால் பெரும்பாலும் அவனுக்குரிய கட்டை தானே தெரியவரும். முற்காலத்தில் இதற்காகத் தம்பூராவின் நான்கு தந்திகளையும் மீட்டும் கூட்ட வேண்டியிருந்தது. இன்றைய மின்சுருதிப் பெட்டியில் ஒரு திருகைத் திருப்பினால் போதும்.