சலோனனின் வயலின் கான்செர்ட்டோ

ஃபின்லாந்தைச் சேர்ந்த இசையமைப்பாளரும் இசை நடத்துநருமான எசா-பெக்கா சலோனன் (பிறப்பு: 1958, ஹெல்சிங்கி) தனி வயலினுக்கும் முழு இசைக்குழுவுக்குமாக எழுதிய படைப்பு. நான்கு பாகங்கள் கொண்டது. வாசிக்க ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும்.

சலோனன் சிபெலியஸ் அகாடமியில் பிரெஞ்சு ஹார்னும் இசையமைப்பும் பயின்றவர். 1983 இல் லண்டனில் மாலரின் மூன்றாம் சிம்ஃபனியை நடத்த, வேறொருவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டார். அந்த ஒரு கச்சேரி அவரை உலகறிந்த நடத்துநராக்கியது. எழுதும் நேரத்தையும் பறித்துக்கொண்டது. 1992 முதல் 17 பருவங்கள் லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநராக இருந்தவர், எழுதுவதற்கு நேரம் வேண்டுமென்று 2009 இல் விலகினார். ஐம்பது வயதைத் தொட்ட அந்த வேளையில், 2008 ஜூனுக்கும் 2009 மார்ச்சுக்கும் இடையே உருவானது இந்தக் கான்செர்ட்டோ. 2009 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸின் வால்ட் டிஸ்னி அரங்கில் சலோனனே நடத்த, லைலா ஜோசஃபோவிச் வயலின் வாசிக்க, அரங்கேறியது. எதற்கும் அஞ்சாத ஜோசஃபோவிச்சின் கைத்திறனை மனத்தில் வைத்தே வயலின் பகுதி எழுதப்பட்டது. மூச்சுவிடக்கூட இடம் தராத பகுதி அது.

முதல் பாகமான 'மிராஜ்' (கானல்) முன்னுரை இல்லாமல் தொடங்குகிறது. நெடுநேரமாக ஓடிக்கொண்டிருந்த வயலின் நம் காதில் இப்போதுதான் விழுந்ததுபோல இருக்கும். செலஸ்டாவும் வைப்ரஃபோனும் அதன் சுரங்களை அங்கங்கே தொட்டு மினுங்கவைக்கின்றன. இரண்டாம் பாகமான 'பல்ஸ் 1' இல் அருகே உறங்குபவரின் இதயத்துடிப்பாக டிம்பனி மெல்ல ஒலிக்கிறது. அடுத்து வரும் 'பல்ஸ் 2' இல் ராக் இசையின் டிரம்ஸ் செட் வெடிக்கிறது. கலிஃபோர்னிய நகர வாழ்வின் ஆரவாரம் அது. மேலைச் செவ்வியல் மரபில் வளர்ந்தவர் தயக்கமின்றித் தெரு இசையை உள்ளே அழைத்த இந்த இடமே படைப்பின் துணிச்சலான பகுதி.

'அடியூ' என்ற இறுதிப் பாகம் விடைபெறுதலைப் பேசுகிறது. அதன் கடைசி ஸ்வரக்கூட்டு அதுவரை வந்த எதனோடும் சேராமல் தனித்து நிற்கிறது. முதலில் தனக்கே புரியாதிருந்த அந்த ஒலியைப் புதிய ஒன்றின் தொடக்கமாகப் பின்னர் கண்டதாகச் சலோனன் எழுதியிருக்கிறார்.

2010 இல் நியூயார்க் சிட்டி பாலே இந்த இசைக்கு ஒரு நடனம் அமைத்தது. 2012 இல் கான்செர்ட்டோவுக்கு இசையமைப்புக்கான கிராமெயர் விருது கிடைத்தது. அதே ஆண்டு ஜோசஃபோவிச்சும் ஃபின்னிஷ் வானொலி சிம்ஃபனி இசைக்குழுவும் வாசித்த பதிவு டாய்ச்ச கிராமஃபோன் வெளியீடாக வந்தது. முதன்முறை கேட்பவர்கள் அந்தப் பதிவிலிருந்து தொடங்கலாம். கடைசி ஸ்வரக்கூட்டு முழுதும் அடங்கும்வரை எழுந்துவிடாதீர்கள்.