எல்லைகள் மாறிய திங்கள்: 1956 நவம்பர்

நவம்பர்த் திங்கள் முதல் நாள் பிறந்தால் மைசூரு நகரமெங்கும் மஞ்சளும் சிவப்புமான கொடிகள் பறக்கின்றன. நம் குடியிருப்பின் பிள்ளைகளும் பள்ளியில் நாட்டு வாழ்த்துப் பாடி, கையில் இனிப்புடன் வீடு திரும்புகின்றனர். “இன்று என்ன விழா?” என்று அவர்கள் வினவினால், “ராஜ்யோத்சவம்” என்று ஒரு சொல்லில் விடையிறுத்து நாம் அமைந்துவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னே ஒரு திங்களின் வரலாறு அடங்கிக் கிடக்கிறது. அது கன்னட மக்களுக்கு மட்டும் உரிய வரலாறன்று. கருநாடகத்தில் வாழும் தமிழராகிய நம்முடைய இன்றைய நிலையை வகுத்ததும் அந்தத் திங்களே.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1, துர்முகி ஆண்டின் ஐப்பசித் திங்களில் வந்தது. அன்று விடியற்காலையே தீபாவளி. தமிழர் இல்லங்களில் எண்ணெய்க் குளியல் முடிந்து வெடியோசை எழுந்த அதே வேளையில் இந்திய நாட்டின் நிலப்படம் மாறியிருந்தது. பசல் அலி, குன்சுரு, பணிக்கர் ஆகிய மூவர் கொண்ட மாநிலச் சீரமைப்புக் குழு 1955 செப்டம்பரில் அளித்த அறிக்கையின் வழியே இயற்றப்பட்ட சட்டம் அன்று நடைமுறைக்கு வந்தது. பம்பாய் மாநிலத்திலிருந்து பெல்காம், பிஜாப்பூர், தார்வார், வடகன்னடம் ஆகியவையும், ஐதராபாத்திலிருந்து குல்பர்கா, ராய்ச்சூர், பீதர் ஆகியவையும், சென்னை மாநிலத்திலிருந்து தென்கன்னடமும் கொள்ளேகால் வட்டமும், தனி மாநிலமாயிருந்த குடகும் பழைய மைசூருடன் இணைந்தன. பத்தொன்பது மாவட்டங்கள் கொண்ட புதிய மைசூர் மாநிலம் உருவாயிற்று. பெங்களூரில் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அதனைத் தொடங்கி வைத்தார். எஸ். நிஜலிங்கப்பா முதலமைச்சரானார்.

நம் நகரத்து அரண்மனைக்கும் அந்த நாள் ஒரு திருப்பமே. அதுவரை ராஜப்பிரமுகர் என்னும் பட்டத்துடன் மாநிலத் தலைவராயிருந்தவர் ஜயசாமராஜேந்திர உடையார். அந்தப் பதவியே அரசமைப்பிலிருந்து நீக்கப்பட்டது. முடிமன்னராய்ப் பிறந்த அவர் அன்று முதல் குடியரசுத் தலைவரால் அமர்த்தப்பட்ட ஆளுநரானார். பின்னர் 1964 முதல் 1966 வரை சென்னை மாநிலத்தின் ஆளுநராகவும் அவர் விளங்கியதை நம்மவர் பலர் மறந்துவிட்டனர். சூலை 18ஆம் நாளைத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடுவதென 2021இல் தமிழக அரசு முடிவு செய்தது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிட வேண்டுமென்னும் தீர்மானம் 1967இல் அந்நாளில் நிறைவேறியமையே காரணம். மைசூரின் இந்தக் கடைசி மன்னர் 1919இல் பிறந்ததும் அதே சூலை 18இல்தான்! நாட்காட்டி சில வேளைகளில் நம்முடன் விளையாடுகிறது.

இனி, நமக்கு மிக அண்மையிலுள்ள கொள்ளேகாலைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூறுதல் வேண்டும். திப்பு சுல்தான் வீழ்ந்த 1799இல் கம்பெனியார் கைக்கு மாறிய அவ்வட்டம், கோயம்புத்தூர் மாவட்டத்தின் வடகோடியாக 157 ஆண்டுகள் சென்னையின் ஆட்சியில் இருந்தது. மைசூருக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவில் வாழ்ந்த மக்கள், மாவட்ட ஆட்சியரைக் காண வேண்டுமாயின் திம்பம் மலைப்பாதை வழியே சத்தியமங்கலத்துக்கு இறங்கிக் கோயம்புத்தூர் செல்ல வேண்டியிருந்தது. சிவசமுத்திரத் தீவு சென்னைக்கு உரியது. ஆற்றின் மறுகரையில் 1902இல் எழுந்த மின்நிலையமோ மைசூருக்கு உரியது. வட்டத்து மக்களிற் பெரும்பாலோர் கன்னடம் பேசுவோர். எனவே அது மைசூருடன் சேர்ந்தது முறையே என்பதில் நமக்கு மாறுபாடில்லை.

ஆயினும் மொழி என்பது நிலத்தின்மேல் கோடு கிழித்தாற்போல நின்றுவிடுவதன்று. மாதேசுவர மலைக்கு அப்பால், காவிரியை ஒட்டிய கோபிநத்தம் போன்ற ஊர்களில் தமிழே வீட்டு மொழி. அவ்வூரார் ஓர் அடியும் பெயர்ந்தாரல்லர். இருந்த இடத்திலிருந்தபடியே அயல் மாநிலத் தமிழராயினர். மறுபுறம், சாமராசநகருக்கு அருகிலுள்ள தாளவாடிப் பகுதியில் கன்னடம் பேசுவோர் மிகுதி. அது சென்னை மாநிலத்திலேயே நின்றுவிட்டது. ஓசூரில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும். அதுவும் சேலம் மாவட்டத்தை விட்டு நீங்கவில்லை. எல்லை வகுத்தோர்மேல் குறை சொல்வது எளிது. எந்தக் கோட்டை எங்கே இட்டிருந்தாலும் அதன் இருபுறமும் சிலர் இவ்வாறு நின்றிருப்பர் என்பதே உண்மை.

அதனை அன்றைய பாராளுமன்றம் உணர்ந்திருந்தது என்பதற்குச் சான்று உண்டு. மாநிலங்கள் மாறிய அதே நவம்பர் முதல் நாளில் அரசமைப்பின் ஏழாவது திருத்தமும் நடைமுறைக்கு வந்தது. அது 350-அ, 350-ஆ என இரு பிரிவுகளைப் புதிதாகச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது முன்னது. அவர்களுக்குரிய காப்புகளை ஆராய்ந்து குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தரத் தனி அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்பது பின்னது. 1957இல் அந்த அலுவலரும் அமர்த்தப்பட்டார். ஒரு பள்ளியில் நாற்பது பிள்ளைகளேனும், ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகளேனும் ஒரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தால் அம்மொழியாசிரியர் ஒருவரை அமர்த்துவது என்ற நெறியை மாகாணக் கல்வி அமைச்சர்கள் 1949இலேயே வகுத்திருந்தனர்.

பத்துப் பிள்ளைகள்! நம் குடியிருப்பின் ஒரு தெருவிலேயே அத்தனை பேர் கிடைப்பர். ஆனால் பள்ளியிற் சேர்க்கும் படிவத்தில் தாய்மொழி என்னும் இடத்தில் தமிழ் என்றெழுதும் பெற்றோர் நம்முள் எத்தனை பேர் என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ளலாம். கன்னடம் கற்பது நம் கடமை. வாழும் நிலத்தின் மொழியைப் பழிப்பவன் அந்த நிலத்தின் நீரையும் பழித்தவனாவான். கன்னடத்தோடு தமிழையும் கற்பிக்கச் சட்டமே கைகொடுத்திருக்க, அந்தக் கையைப் பற்றாமல் விட்டவர் நாம்தாம். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் சங்கங்கள் நடத்தும் தமிழ் வகுப்பு நற்பணியே. எனினும் அது அரசு தர வேண்டியதற்கு ஈடாகாது.

அந்தத் திங்களின் முதல் வாரத்தில் உலகம் அமைதியாயில்லை. சூயசுக் கால்வாயை எகிப்து நாட்டுடைமையாக்கியமைக்காக இங்கிலாந்தும் பிரான்சும் இசுரேலுடன் சேர்ந்து படையெடுத்தன. 4ஆம் நாள் சோவியத் தாங்கிகள் புடாபெசுட்டு நகரில் புகுந்தன. 14ஆம் நாள் தம் அறுபத்தேழாம் பிறந்த நாளைக் கண்ட நேருவுக்கு இவ்விரண்டும் பெருஞ்சோதனை. சூயசு குறித்து உடனே கடிந்து பேசிய இந்தியா, அங்கேரி குறித்துத் தயங்கியது என்ற குறைகூறல் அன்றே எழுந்தது. அது முற்றும் ஆதாரமற்ற குறைகூறல் என்று சொல்வதற்கில்லை. திங்களின் பிற்பகுதியில் புத்தர் பெருமானின் 2500ஆம் ஆண்டு விழாவுக்காகத் தலாய் லாமா இந்தியா வந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மக்கள் அகதிகளாக வந்து, நம் மைசூரு மாவட்டத்து பைலகுப்பேயிலேயே குடியேறுவர் என்று அன்று எவரும் எண்ணியிருக்க இயலாது.

நவம்பரிற் பிறந்தோருள் இருவரை நாம் தவறாமல் நினைத்தல் வேண்டும். ஒருவர் சர் சி. வி. இராமன். 1888 நவம்பர் 7இல் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த அவர், 1933 முதல் பெங்களூரையே தம் ஊராகக் கொண்டவர். அங்கு 1948இல் தாமே நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் அறுபத்தெட்டாம் வயதிலும் அந்த நவம்பரில் ஓயாது உழைத்துக்கொண்டிருந்தார். 1970இல் அவர் மறைந்ததும் நவம்பரிலேயே. புலம்பெயர்ந்த தமிழர் தாம் சென்ற மண்ணுக்கு என்ன அளிக்க வல்லர் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டுத் தேடவேண்டியதில்லை.

மற்றவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். 1908 நவம்பர் 29இல் நாகர்கோவிலிற் பிறந்தவர். அப்போது அவ்வூர் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டது. தமிழகத்தையே சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்த அந்தக் கலைஞரின் பிறந்த ஊர், அவருடைய வாழ்நாளில் பெரும்பகுதி தமிழ் மாநிலத்துக்குள் இல்லை. நேசமணி முதலியோர் தலைமையில் தெற்கெல்லைத் தமிழர் நடத்திய போராட்டத்தின் பயனாக, 1954 ஆகத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலர் இரையான பின்னர், அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்திற் சேர்ந்தன. செங்கோட்டை திருநெல்வேலியோடு இணைந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கிட்டவில்லை. கலைவாணர் அந்த நவம்பர் 29இல் நாற்பத்தெட்டு வயது நிறைந்தார். அடுத்த ஆண்டு ஆகத்து 30இல் மறைந்தார். தம் ஊர் தமிழ் மாநிலத்தில் இருக்க, அவர் கண்ட பிறந்த நாள் அந்த ஒன்றுதான்.

நம் ஊரின் ஆர். கே. நாராயண் அந்தத் திங்களில் மைசூரில் இல்லை. அமெரிக்கப் பயணத்தில் இருந்தார். வழிகாட்டி ஒருவனைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நாவல் உருப்பெற்றது அந்தப் பயணத்திலேதான்.

22ஆம் நாள் மெல்போர்னில் ஒலிம்பிக்கு விழா தொடங்கிற்று. ஆனால் மறுநாள் வந்த செய்தி அதனை மறக்கச் செய்தது. அன்றிரவு சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடிக்குப் புறப்பட்ட விரைவுவண்டி, 23ஆம் நாள் விடியுமுன் அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலத்தை அடைந்தது. பெருமழையால் ஆறு கரைபுரண்டு ஓடியது. வெள்ளம் பாலத்தின் முனையிலிருந்த மண்கரையை அரித்துவிட்டிருந்தது. இயந்திரமும் பெட்டிகளும் ஆற்றிற் கவிழ்ந்தன. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உறங்கிக்கொண்டிருந்தவர்கள் உறக்கத்திலேயே போயினர்.

மைசூருத் தமிழரை இத்துயரம் இருமடங்காகத் தாக்கியிருக்கும் என்று சொல்லலாம். 1951இல் மைசூர் அரசு இரயில்வேயும் தென்னிந்திய இரயில்வேயும் சென்னை மராத்தா இரயில்வேயும் ஒன்றாகித் தென்னக இரயில்வே அமைந்தது. அதனால் இந்நகரின் இரயில்வே தொழிற்கூடத்தில் உழைத்த தமிழர்க்கு அது தம் நாட்டில் நிகழ்ந்த விபத்து மட்டுமன்று, தம் துறையில் நிகழ்ந்ததுமாகும். அதே ஆண்டு ஐதராபாத்து நாட்டின் மகபூப்நகரில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்த விபத்தின்போதே பதவி விலக முன்வந்த இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, இம்முறை உறுதியாக நின்று விலகினார். முன்னர் மறுத்த நேருவும் இம்முறை ஏற்றார். சாஸ்திரியாரை நாடு போற்றியது. தமிழகத்திலோ துணையமைச்சர் ஓ. வி. அழகேசன்மீது எதுகை மோனையுடன் முழக்கம் கட்டி மேடைதோறும் எதிர்க்கட்சியினர் தாக்கினர். ஒரே விபத்து, ஒருவருக்குப் புகழாகவும் மற்றவருக்குப் பழியாகவும் முடிந்தது. மக்களின் நினைவு எப்போதும் நடுவுநிலையில் நிற்பதில்லை.

திங்களின் இறுதி நாட்களில் மைசூர் அரசு ஒரு பெருஞ்செயலைச் செய்தது. 1880ஆம் ஆண்டு முதல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனத்தார் நடத்திவந்த கோலார்த் தங்கச் சுரங்கங்களைச் சட்டம் இயற்றி அரசுடைமையாக்கியது. சூயசில் ஒரு கால்வாயைக் கைப்பற்றியதற்காகக் குண்டு பொழிந்த அதே திங்களில், இங்கே ஆங்கிலேயரின் பொன்சுரங்கம் ஓசையின்றிக் கைமாறிற்று. பின்னாளில் 1962இல் மத்திய அரசு அவற்றை ஏற்றது.

அந்தச் சுரங்கங்களைத் தோண்டியவர் யார்? வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளரே பெரும்பாலோர். சிவசமுத்திரத்தில் பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பிவழி ஓடிச் சேர்ந்ததும் அவர்கள் உழைத்த குழிகளுக்குத்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் சென்றது. அத்தனை ஆழத்தில் பாறை தன் எடையாலேயே வெடிக்கும், வெப்பமோ தாங்கவொண்ணாதது. அரசுடைமை என்ற செய்தி வந்தபோது, இனி வெள்ளையர்க்கன்று, நாட்டுக்கே தங்கம் எடுக்கிறோம் என்று மகிழ்ந்தவர் பலராயிருத்தல் இயல்பே. பாறையிலிருந்த தங்கத்தின் அளவோ ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது.

2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரிறைக்கும் பொறிகள் நின்றதும் குழிகளில் நீர் ஏறியது. கோலார்த் தங்கவயலிலிருந்து விடியற்காலை புறப்படும் வண்டிகளில் அந்தத் தொழிலாளரின் மக்களும் பேரப்பிள்ளைகளும் தமிழ் பேசியபடியே பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் திரும்பத் தொடங்கினர்.