கிராங்கோடு வந்த சீட்டு

கிரைண்டிங் முடிந்து கிராங்க் ஷாப்ட் லேத் பட்டறையிலிருந்து திரும்பும்போது சீட்டு ஒன்றும் கூடவே வரும். 1489 சிசி அம்பாசடர் பெட்ரோல் இன்ஜினுக்கான சீட்டு என்று வையுங்கள். நாலே வரி.

'மெயின் 020, பிக் எண்டு 010.'

மெயின் ஜர்னல் மூன்றும் விட்டத்தில் 0.020 அங்குலம் கடையப்பட்டிருக்கின்றன. கனெக்டிங் ராடு மாட்டும் பின்கள் 0.010 அங்குலம். பேரிங்கைக் கடையில் 'அண்டர்சைஸ்' என்று கேட்டு வாங்கவேண்டும். இங்கே மெலிந்தது தண்டுதான். பேரிங் தடித்திருக்கும், மெயினில் அதன் அரைவட்ட ஓடு ஒன்றுக்கு 0.010 அங்குலம். மூன்றில் ஒரு ஜர்னல்தான் கீறல் விழுந்தது என்றாலும் மூன்றையும் ஒரே அளவுக்குக் கடைவதுதான் வழக்கம், பேரிங் செட்டாகத்தானே வருகிறது. பழைய ஓட்டின் முதுகில் பொறித்த எண்ணைக் காட்டி வாங்கி வருபவர்கள் இருக்கிறார்கள். கடைந்த பிறகு அந்த எண்ணுக்கு வேலையில்லை. சீட்டையும் அப்படியே நம்பாமல் மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள்.

'கேப் மாத்தாதே.'

பேரிங்கை மூடிப் பிடிப்பது கேப். பிளாக்கில் அதை மாட்டி வைத்துத்தான் பேரிங் உட்காரும் துளையையே கடைந்திருக்கிறார்கள். எந்த கேப் எங்கிருந்து, எந்தப் பக்கம் பார்த்து வந்ததோ அங்கேயே அப்படியே போகவேண்டும்.

'முதுகுல ஆயில் கூடாது.'

ஓட்டின் உள்முகத்துக்குத்தான் எண்ணெய். முதுகையும் அது உட்காரும் இடத்தையும் உலரத் துடைக்கவேண்டும். பேரிங்கின் சூடு முதுகு வழியாகத்தான் பிளாக்குக்கு இறங்குகிறது. நடுவில் ஒரு தூசி இருந்தாலும் அந்த இடத்தில் ஓடு உள்பக்கம் புடைத்துவிடும். மேல் ஓட்டின் துளை பிளாக்கின் எண்ணெய்த் துளைக்கு நேராக நிற்கிறதா என்றும் பாருங்கள்.

ஓட்டை வைத்ததும் அதன் இரு நுனிகளும் மட்டத்துக்கு மேல் துளி நீட்டிக்கொண்டிருக்கும். புதுக்கை உடனே அரத்தைத் தேடும். தேய்த்தால் போச்சு! கேப்பை முடுக்கும்போது அந்த நீட்டல் நசுங்கி, ஓட்டைச் சுற்றிலும் அழுத்திப் பிடிக்கிறது. ஓடு சுழலாமல் இருப்பது அந்தப் பிடியால். ஓரத்தில் உள்ள சின்ன நாக்கு இடம் காட்டத்தான், பிடித்து நிறுத்த அல்ல.

'இழை வச்சுப் பாத்துட்டு முடுக்கு.'

மெல்லிய பிளாஸ்டிக் இழையை, எண்ணெய் துடைத்த ஜர்னலின் மேல் நீளவாக்கில் வைத்து, சொன்ன டார்க்குக்கு கேப்பை முடுக்கிக் கழற்றுவது. நடுவில் கிராங்கைச் சுற்றவே கூடாது. நசுங்கிய இழையின் அகலத்தை அதன் உறையில் அச்சிட்ட அளவுகோலோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். இழை அகன்றிருந்தால் இடைவெளி குறைவு. அங்குல விட்டத்துக்கு 0.001 அங்குலம் என்பது பொதுக்கணக்கு. இந்த இன்ஜினின் மெயின் ஜர்னல் சுமார் 2 அங்குலம், ஆக 0.002-ஐ ஒட்டி வரவேண்டும். முடிவாக மேனுவல் சொல்வதே அளவு. 'டைட்டா இருந்தா நாள்பட ஓடும்' என்பது வெறும் பேச்சு. தண்டைத் தாங்குவது எண்ணெய்ப் படலம். அது நிற்க இடம் வேண்டும். இடைவெளி கூடினாலோ ஐடிலிங்கில் ஆயில் பிரஷர் விழும்.

சீட்டில் இல்லாத ஒன்றும் உண்டு: கிரைண்டிங் தூள். கிராங்குக்குள் ஓடும் எண்ணெய்த் துளைகளில் அது ஒளிந்திருக்கும். இன்ஜின் ஓடிய சில நிமிடங்களிலேயே புது பேரிங்கைக் கீறிவிடும். பேரிங் பெட்டியைப் பிரிக்கும் முன் ஒவ்வொரு துளையையும் பிரஷ் விட்டுக் கழுவி, காற்றடித்துவிடுங்கள்.